எண்பதில் ஒரு சுருதிப்பெட்டி

மலாக்கா சென்ட்ரல் பேருந்து நிலையத்தில் அப்பா என்னை ஏற்றிக்கொண்ட ஐந்தாவது நிமிடத்தில் அந்தச் சத்தம் கேட்டது. அறுபதில் ஒன்றும் இல்லை. எழுபதைத் தொட்டதும் காலுக்கடியில் ஒரு தேனீ. எண்பதில் அது சுருதிப்பெட்டி ஆகிவிட்டது. ஒரே சுரம், மூச்சு விடாமல்.

"அப்பா, என்ன சத்தம்?"

"டயரும்மா. சேற்று டயர் அப்படித்தான் கத்தும்."

வானொலியில் பத்து வருடம் வேலை பார்த்தவளிடம் சத்தத்தைப் பற்றிப் பொய் சொல்வது கஷ்டம். டயரின் இரைச்சல் சாலை மாறினால் மாறும். புதுத் தாரில் அடங்கும், பழைய தாரில் கத்தும். இது எந்தத் தாரிலும் அப்படியே இருந்தது. ஆனால் சாலை இடப்பக்கம் வளையும்போது கூடியது, வலப்பக்கம் வளையும்போது குறைந்தது. நிலையத்தில் இப்படி ஒரு ஒலி வந்தால் எந்த வயரில் கோளாறு என்று தேடத் தொடங்கிவிடுவோம். இங்கே தேடுவதற்கு எனக்கு அறிவு போதாது. காது மட்டும் இருந்தது.

எங்கள் வீடு புக்கிட் ரம்பாயில். கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர். மலாக்காவுக்குச் சுற்றுலா வருகிற யாரும் இங்கே வருவதில்லை. அவர்களுக்குச் சிவப்புக் கட்டடம், ஏ ஃபாமோசா, ஜோங்கர் தெரு, படகுச் சவாரி. நகரிலிருந்து சில கிலோமீட்டர் வடமேற்கே வந்தால் தொழிற்பேட்டை, தாமான் வீடுகள், இடையிடையே செம்பனை, மிச்சமிருக்கும் கம்பத்து மரவீடுகள். புக்கிட் என்றால் குன்று. ரம்பாய் என்பது லங்சாட்டைப் போல் கொத்துக் கொத்தாகத் தொங்குகிற புளிப்பும் இனிப்புமான ஒரு பழம். குன்றை இப்போது தேடித்தான் பார்க்க வேண்டும். பழத்தையும்தான்.

வண்டி டொயோட்டா ஹைலக்ஸ், எல்என்106 ரகம், 1990-களின் டீசல் பிக்கப். முன்னச்சு முழு இரும்புக் குழாய், கீழே பட்டை வில். உட்கார்ந்தால் இடுப்பு நோகும், ஆனால் மழையில் தோட்டத்துச் செம்மண் பாதையில் மற்ற வண்டிகள் நிற்கும் இடத்தில் இது போகும். அப்பா குத்தகைக்குச் செம்பனை வெட்டிய காலத்தில் பழைய வண்டியாக வாங்கினார். வேலையை விட்டுவிட்டார், வண்டியை விடவில்லை.

நான் வந்தது மாசி மகத்துக்கு. செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்கு வருடா வருடம் எங்கள் வீட்டிலிருந்து அரிசியும் காய்கறியும் போகும். மூட்டைகள் எல்லாம் பின்னால், அம்மாவும் பெரியம்மாவும் அக்கா பிள்ளைகளும் முன்னால். அந்தப் பாரத்தோடு இந்தச் சத்தத்தை நினைத்துப் பார்த்தேன். தம்பியைக் கேட்கலாம் என்றால் வீட்டில் அவன் பெயரை எடுக்க முடியாது.

தீபாவளி விடுமுறையில் தம்பி இந்த வண்டியை நண்பர்களோடு கிளேபாங் கடற்கரைக்குக் கொண்டுபோனான். கடலைத் தூர்க்கக் கொட்டிய மணல் அங்கே மேடு மேடாகக் கிடக்கிறது, ஊரில் அதற்குப் பாலைவனம் என்றே பெயர். கல்யாணப் படம் எடுப்பவர்கள், தேங்காய் ஷேக் குடிக்க வருபவர்கள், கரையில் ஏற்றி வைத்திருக்கும் பிரெஞ்சு நீர்மூழ்கிக் கப்பலைப் பார்க்க வருபவர்கள் என்று எப்போதும் கூட்டம். இவர்கள் மணலோடு நிறுத்தவில்லை, கடல் தண்ணீரிலும் இறக்கி ஓட்டியிருக்கிறார்கள். அடுத்த மாதம் சத்தம் தொடங்கியது. "போன வருஷம்தான் பேரிங் மாத்தினேன். உப்புத் தண்ணியில விட்டு நாசமாக்கிட்டான்" என்றார் அப்பா. தம்பி ஏதோ எதிர்த்துச் சொல்ல, அப்பா ஏதோ சொல்ல, நான்கு மாதமாகப் பேச்சு இல்லை. அம்மா தூது போய்க்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பசியாறியதும் அப்பாவைப் பட்டறைக்குக் கிளப்பினேன்.

பட்டறை என்பது ஒரு மரவீட்டின் பக்கவாட்டில் இறக்கிய தகரக் கொட்டகை. நடத்துகிறவர் எங்களுக்கு மாமா. இரத்த உறவு இல்லை, அப்பாவும் அவரும் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சுங்கை ஊடாங் பக்கத்துத் தெரண்டாக் முகாமில் லேண்ட் ரோவர் பழுது பார்த்தவராம். 28-ஆவது காமன்வெல்த் படைப்பிரிவு அங்கே இருந்த காலம். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் போன பிறகும் அந்தக் கைப்பழக்கம் சுற்று வட்டாரத்தில் தங்கிவிட்டது. ஃபோர் வீல் வண்டி என்றால் இன்றும் மலாக்காவின் அந்தக் கோடியிலிருந்துகூட இங்கே ஓட்டி வருகிறார்கள்.

மாமா வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார். தூக்கியதும் அச்சுக்கு அடியில் இரும்புக் கால் கொடுத்தார். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே தலையை விடுகிறவனுக்குச் சக்கரம் சரிசெய்து கொடுத்துப் பயனில்லை என்பது அவர் கட்சி. வலது சக்கரத்தை மேலும் கீழுமாக, கடிகாரத்தில் பன்னிரண்டும் ஆறும் இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டினார். 'டக், டக்.' லேசான ஆட்டம். பிறகு நீண்ட திருப்புளி ஒன்றின் முனையைச் சக்கரத்துக்குப் பின்னால் இருந்த இரும்பில் ஊன்றி, கைப்பிடியை என் காதருகே கொண்டு வந்தார்.

"நீதானே ரேடியோக்காரி. கேளு."

அப்பா சக்கரத்தைச் சுற்றினார். சுருதிப்பெட்டி இல்லை, உள்ளே யாரோ மணலை மென்றுகொண்டிருந்தார்கள். இடது சக்கரத்தில் அதே திருப்புளியை வைத்தபோது எண்ணெயில் வழுக்குகிற மெல்லிய சீற்றம் மட்டும். வண்டி இடப்பக்கம் வளையும்போது பாரம் வலது சக்கரத்தின் மேல் சாயும், அதனால்தான் சத்தம் கூடியது என்று மாமா சொன்ன பிறகு எனக்கு விளங்கியது.

இனிமேல் வருவதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பட்டறையில் வண்டியை விட்டுவிட்டுத் தே தாரிக் குடிக்கப் போகிறவர்கள் நாம். நாம் இல்லாத நேரத்தில் என்ன நடக்கிறது என்று ஒரு முறையாவது பார்த்துவிடுவது நல்லது.

சக்கரம் கழன்றது. பிரேக் பிடியைக் கழற்றி, ரப்பர் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் வில்லோடு கட்டி வைத்தார். சக்கரத்தின் நடுவே இருக்கும் திருகுக் குமிழ், ஃபோர் வீல் வேண்டும்போது இறங்கித் திருப்புவோமே, அது அடுத்து. ஆறு நட்டுகளும் கழன்ற பின்னும் குமிழின் உடல் வரவில்லை. ஒவ்வொரு ஆணியிலும் கூம்பு வடிவ வாஷர் இறுகிக் கிடக்கிறது. பித்தளைச் சுத்தியலால் சுற்றிலும் தட்டியதும் அவை ஒவ்வொன்றாகத் துள்ளி வெளியே வந்தன. உள்ளே பெரிய நட்டு இரண்டு, நடுவில் காது மடித்த ஒரு தகடு. 54 மில்லிமீட்டர் சாவி வேண்டும். அது இல்லாதவர்கள் உளியை வைத்துத் தட்டித் திருப்புவார்கள். அப்படி உளி பட்ட வடு எங்கள் நட்டில் நான்கு இருந்தது. மாமா அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவும் பார்த்தார்.

வெளிப் பேரிங் மாமாவின் உள்ளங்கையில் வந்து விழுந்தது. பிறகு வட்டத் தட்டோடு சேர்த்து ஹப் முழுவதையும் உருவினார். கிரீஸ் தேன் நிறத்தில் இருந்திருக்க வேண்டும். தே தாரிக் நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்தால் அப்படித்தான் வெளுக்கும். விரலால் தேய்த்தால் நறநறவென்றது.

ஹப்பின் முதுகில், உள் பேரிங்குக்கு வாசல்போல, ஒரு கருப்பு வளையம். கை வளையலை விடக் கொஞ்சம் பெரிது. இதுதான் ஆயில் சீல். இரும்பு வளையத்தில் ரப்பர் உதடு, அந்த உதட்டை அச்சோடு அணைத்துப் பிடிக்க மெல்லிய சுருள் கம்பி. கிரீஸ் வெளியே போகக்கூடாது, தண்ணீரும் மண்ணும் உள்ளே வரக்கூடாது. இதற்கு வேலை அவ்வளவுதான். நெடுந்தூரம் ஓடிய ஹப் சூடாக இருக்கும். அதை அப்படியே தண்ணீரில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கும், சுருங்கிய இடத்துக்கு வெளித் தண்ணீரை இழுக்கும். உதடு நன்றாக இருந்தால் தாக்குப்பிடிக்கும். காய்ந்து போயிருந்தால் வழி விட்டுவிடும்.

மாமா சீலை நெம்பி எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். உதட்டை நகத்தால் தட்டினார். தகரத்தைத் தட்டுவதுபோல் கேட்டது. ரப்பர் ரப்பராகவே இல்லை. இரும்பு வளையத்தின் ஒரு ஓரத்தில் சுத்தியல் அடித்த பள்ளம், அந்தப் பக்கம் சற்றுச் சாய்ந்து உட்கார்ந்திருந்திருக்கிறது.

"அண்ணே, இது போன வருஷத்து சீல் இல்ல. இது எப்பவோ உள்ளது. பேரிங்க மட்டும் மாத்தி, இதையே திருப்பி அடிச்சிருக்காங்க."

அப்பா கொட்டகையின் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டாங்கதான். சீலும் மாத்தணுமான்னு. பார்க்க நல்லாத்தானே இருக்கு, எதுக்கு வீண் செலவுன்னு நான்தான் வேண்டாம்னேன்."

இரண்டு பேர் பசியாறும் காசு. அதை மிச்சம் பிடித்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லயத்து வீட்டில் ஆறு பிள்ளைகளில் ஒருவராக வளர்ந்தவருக்கு, உடையாத பொருளைத் தூக்கிப் போடுவது பாவம். ஒரு முறை கழற்றிய சீல் உடையாமலே செத்துப்போகும் என்பது பார்வைக்குத் தெரிகிற விஷயமும் இல்லை.

"அப்ப தம்பி கடல்ல விட்டது?" என்று கேட்டேன்.

"அதுவும்தான். உப்புத் தண்ணி உள்ள போயிருக்கு. ஆனா கதவு சும்மா சாத்தியிருந்துச்சு, தாழ்ப்பாள் இல்ல. கடலுக்குப் போகலைன்னாலும் இந்த மழைக்காலத்துல தோட்டத்து ஓடையில நனைஞ்சிருக்கும். கொஞ்சம் லேட்டாயிருக்கும், அவ்வளவுதான்."

பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவியதும் உருளைகளில் அம்மைத் தழும்புபோல் பழுப்புப் புள்ளிகள். ஒரு வருடம்கூட ஓடாத பேரிங். இந்தக் கூம்பு உருளை பேரிங்குக்கு 1898-இல் காப்புரிமை வாங்கியவர் ஹென்றி டிம்கென், அமெரிக்காவில் குதிரை வண்டி கட்டியவர். வண்டி வளையும்போது பக்கவாட்டில் விழும் பாரத்தையும் உருளைகள் தாங்க வேண்டும் என்று அவற்றைச் சாய்த்து வைத்தார். மேலிருந்து வரும் பாரம், பக்கத்திலிருந்து வரும் பாரம் இரண்டையும் இது சுமக்கும். தண்ணீரை மட்டும் சுமக்காது.

உருளைகள் ஓடும் வெளி வளையம் ஹப்புக்குள் இறுகியிருக்கும். அதையும் பேரிங்கோடு சேர்த்தே மாற்ற வேண்டும், பழைய வளையத்தில் புது உருளை ஓடாது. பித்தளைக் கம்பியை உள்ளே விட்டு, எதிரெதிர்ப் பக்கங்களில் மாறி மாறித் தட்டிப் பழையதை இறக்கினார். புதியதை ஏற்றும்போது என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "இப்ப சத்தத்தக் கேளு." டொக், டொக், டொக் என்று மொந்தையாகக் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு அடியில் 'டிங்' என்று மாறியது. வளையம் அடிமட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. அதற்கு மேல் ஒரு அடிகூட அடிக்கக் கூடாது. நாற்பது வருடமாக அவர் காதுதான் அவருக்கு அளவுகோல். என் தொழிலை நான் கொஞ்சம் பெரிதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் மேசைமேல் இருந்த நாசி லெமாக் பொட்டலத்து ரப்பர் வளையம் ஒன்று எப்படியோ மண்ணெண்ணெய்த் தட்டில் விழுந்திருந்தது. மாமா அதைக் கம்பியால் எடுத்துக் காட்டினார். ஊதிப் பருத்து, நீண்டு, மண்புழுபோல் தொங்கியது. இழுத்தால் பிய்ந்தது.

"இது நம்ம பால் மரத்து ரப்பர். எண்ணெய் பட்டா இப்படித்தான். அந்த சீல் வேற ரப்பர்."

இது எனக்குப் புதிது. மலாயாவில் வணிகத்துக்காக ரப்பர் நட்டவர்களில் முன்னோடி டான் சாய் யான். 1896-இல் இதே மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில் நட்டார். நகரைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் இன்றும் புக்கிட் லிந்தாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது, ரப்பரைத் தொடர்ந்து யார் வந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். என் பாட்டி விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போனவர். மங்குகளில் உறைந்த ஒட்டுப்பாலின் நாற்றம் அவர் சேலையில் கடைசி வரை இருந்தது என்பார் அம்மா. உலகத்தின் டயர்கள் அந்தப் பாலில் ஓடின. ஆனால் சக்கரத்துக்குள்ளே எண்ணெயையும் தண்ணீரையும் பிரித்து நிற்கிற இந்தச் சின்ன வளையத்துக்கு அந்தப் பால் ஆகாது. எண்ணெயைக் குடித்து வீங்கிவிடும்.

முதலில் இந்த வளையத்தின் உதடு தோல்தானாம். ஜெர்மனியின் வைன்ஹைம் நகரில் தோல் பதனிட்டு வந்த ஃபிராய்டென்பர்க் நிறுவனத்தில், 1929 வாக்கில் வால்தர் சிம்மர் என்ற பொறியாளர் தோலில் செய்தார். 1930-களில் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் வந்தது, எண்ணெய்க்கு அசையாதது. தோல் போய் அது உட்கார்ந்தது. எங்கள் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், அந்தப் பால் செய்ய முடியாத வேலைக்கு அங்கே வேறொன்றைச் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். இதை அம்மாவிடம் சொன்னபோது, "பாட்டிகிட்ட சொல்லியிருந்தா மனசு ஒடஞ்சிருக்கும்" என்றார்.

சரி, பட்டறைக்கு வருவோம். மாமா இடது உள்ளங்கையில் புது கிரீஸை ஒரு கவளம் எடுத்து, பேரிங்கின் ஓரத்தை அதில் அழுத்தி அழுத்தி இழுத்தார். உருளைகளின் இடுக்கு வழியாக மறுபக்கம் புழுப் புழுவாக கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை. சுற்றிச் சுற்றி ஐந்து நிமிடம். மேலே பூசினால் மட்டும் போதாது, உள்ளே ஏற வேண்டும். உள் பேரிங் அமர்ந்தது. புது சீலைச் சுருள் கம்பி இருக்கும் பக்கம் உள்ளே பார்க்க வைத்தார். திருப்பிப் போட்டால் கிரீஸைத் தடுக்க வேண்டியது வழிவிடும். சுத்தியலை நேராக அதன்மேல் போடவில்லை. தட்டையான மரக்கட்டையை வைத்து, நான்கு பக்கமும் மாறி மாறி, பிள்ளையைத் தூங்க வைப்பதுபோல் தட்டினார். விளிம்போடு சமமாக நின்றது. உதட்டில் விரலால் கொஞ்சம் கிரீஸ், வறண்ட உதடு முதல் சுற்றிலேயே தேயும் என்பதற்காக. சீல் உட்காரும் அச்சுப் பகுதியை நகத்தால் வருடிப் பார்த்தார். அங்கே பழைய சீல் பள்ளம் போட்டிருந்தால் புது சீலும் பயனில்லை. எங்கள் அதிர்ஷ்டம், வழவழப்பாக இருந்தது. அதற்கும் பின்னால் அச்சுக் குழாய்க்குள் இன்னொரு சீல் உண்டு, டிஃபரன்ஷியல் எண்ணெயைத் தடுப்பது. அங்கே கசிவில்லை.

கடைசி வேலைதான் நுணுக்கம். நட்டை முதலில் நன்றாக, ஏறக்குறைய 60 நியூட்டன் மீட்டர் முறுக்கினார். ஹப்பை இரண்டு பக்கமும் பலமுறை சுற்றினார், உருளைகள் தங்கள் இடத்தில் அமர. பிறகு தளர்த்தி, மறுபடி கொஞ்சமாக இறுக்கினார். எவ்வளவு என்று எப்படித் தெரியும்? சுவரில் தொங்கிய ஸ்பிரிங் தராசை எடுத்தார். மீன் கடையில் பார்ப்போமே, அதேதான். கொக்கியைச் சக்கர ஆணியில் மாட்டிக் கிடையாக இழுத்தார். மூன்று கிலோவுக்கும் ஐந்து கிலோவுக்கும் இடையில் முள் நிற்கும்போது ஹப் நகரத் தொடங்கினால் சரி. தளர்வாக இருந்தால் சக்கரம் ஆடும். அதிகமாக இறுக்கினால் பேரிங் சூடேறி, கிரீஸ் உருகி, ஒரு நாள் ஓட்டத்திலேயே பிடித்துக்கொள்ளலாம். பிறகு புதுத் தகடு, அதற்கு மேல் இரண்டாவது நட்டு, தகட்டின் ஒரு காதை உள்ளே மடக்கி, ஒரு காதை வெளியே மடக்கினார். இரண்டு நட்டும் இனி ஒன்றை ஒன்று விடாது.

இப்போது வரும் ஹைலக்ஸ்களில் முன் பேரிங்கும் சீலும் ஒரே கட்டாக வருகின்றன. கெட்டால் மொத்தமாக மாற்ற வேண்டியதுதான். கவளம் உருட்டும் வேலை இல்லை. "நல்லதுதான், தப்பு நடக்காது" என்றார் மாமா. அவரிடம் தொழில் கற்க இப்போது யாரும் இல்லை. கடைசிப் பையன் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டான், ஏர்கான், சீருடை, மாதச் சம்பளம். யார் குற்றம் சொல்ல முடியும்?

மதியம் நாங்கள் மூவரும் சுங்கை ஊடாங் வரை ஓட்டிப்போய்த் திரும்பினோம். எண்பது. தொண்ணூறு. கேட்டது எஞ்சினும் டயரும் மட்டும். அப்பா சொன்னது அவ்வளவு பொய்யும் இல்லை, சேற்று டயர் கத்தத்தான் செய்கிறது. நிறுத்தியதும் மாமா இறங்கி இரண்டு முன் ஹப்புகளையும் தொட்டுப் பார்த்தார். இரண்டும் ஒரே சூடு. ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஆட்டம் இருக்கிறதா பார்க்க வரச் சொன்னார். கூலி கேட்டதற்கு, மாசி மகத்துக்கு அரிசி கொண்டுபோகும்போது தன் வீட்டு மூட்டையையும் ஏற்றிக்கொள்ளச் சொன்னார். அப்பா வற்புறுத்திப் பணத்தைச் சட்டைப்பையில் திணித்தார்.

பழைய சீலை மாமா குப்பையில் போடப் போனார். அப்பா அதை வாங்கி, துணியில் துடைத்து, வண்டியின் டாஷ்போர்டுமேல் வைத்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. நான் கேட்டைத் திறந்துகொண்டிருந்தபோது கைப்பேசி எடுப்பது தெரிந்தது. எதிர்முனையில் எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"ம்... நான்தான். சாப்பிட்டியா?... மாசி மகத்துக்கு வர்றியா?... ஆமா, வண்டி நல்லா இருக்கு. நீயே ஓட்டு."

அம்மா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்து, யாரிடம் பேசுகிறார் என்று கண்ணாலேயே என்னைக் கேட்டார்.